கடல் தள்ளிப்போன பிறகு

நிலம் குலுங்கிய அந்தக் குளிர்காலத்துக்கு முன்
எங்கள் உப்பு வயலிலிருந்து அலைவரை
முப்பத்தெட்டு எட்டு.
இப்போது இருநூற்றுப் பன்னிரண்டு.

நோத்தோவின் இந்தக் கரை
ஓர் ஆள் உயரம் எழுந்து நின்றுகொண்டது,
விருந்தாளியைக் கண்டதும் பாயை விட்டு எழுவதுபோல.
கடல்தான் பின்வாங்கிப் போக வேண்டியதாயிற்று.

புதுத்தரையில் பாசி சுண்ணாம்பாய் வெளுத்திருக்கிறது.
நத்தைகள் பாறையை விடாமலே செத்திருக்கின்றன.
நகராட்சியிலிருந்து ஒரு பையன்
வரைபடத்தோடு வந்தான்.
"இந்த இடம் யாருடையது?"
"போன வருஷம்வரை நண்டுகளுடையது" என்றேன்.
எழுதிக்கொண்டான்.
கொஞ்சம் யோசித்து, அடித்துவிட்டான்.

மணலுக்கு அடியில் களிமண் தளம்
ஏழு இடங்களில் வெடித்திருந்தது.
ஈரக் களிமண்ணை அப்பி அப்பி
குதிகாலால் மிதித்து மூடினேன்.
மே மாதம் முழுக்க அதுதான் வேலை.
ஜூலையில் தோளில் காவுதடி.
இரண்டு வாளி, இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு,
பாறை வழுக்கினால்
மறுபடி முதலிலிருந்து.

வீசுவது கை இல்லை, இடுப்பு.
ஜமக்காளத்தை உதறுகிற மாதிரி
நீர் காற்றில் விரிந்து, நூல்நூலாய்ப் பிரிந்து
மணல்மேல் சமமாக உட்கார வேண்டும்.
மனம் வேறெங்கோ இருந்தால்
ஒரே இடத்தில் கொட்டி மணல் குழிந்து
காட்டிக்கொடுத்துவிடும்.
அன்று எனக்கு மூன்று குழி.

மதியம் இரண்டு மணிக்கு மணல் காலைச் சுட்டது.
வாரினேன். நடுவிலிருக்கும் மரத்தொட்டியில் குவித்தேன்.
மேலே கடல்நீர் ஊற்றினால்
கீழே சொட்டுவது வேறு நீர்.
நாக்கில் ஒரு துளி.
காது வரைக்கும் போயிற்று.
போதும்.

விறகுக்கு என்ன செய்வது என்று நிற்கையில்
கிசாபுரோவின் குட்டி லாரி வந்தது.
பின்னால் கருத்த மரங்கள்.
"இது உன் அடுக்களை உத்திரம் இல்லையா?"
"போன வருஷம் உத்திரம்."
ஆணிகளை அவனே பிடுங்கியிருந்தான்.

இரவெல்லாம் எரித்தோம்.
சட்டியின் ஓசை
மழையென்று ஏமாற்றிக்கொண்டே இருந்தது,
இரண்டு முறை வெளியே ஓடிப் பார்த்தேன்.
மூன்று மணி இருக்கும்.
உத்திரத்தின் நடுத்துண்டு பற்றியபோது
எழுபது வருஷம் அந்த வீட்டில் வாட்டிய
மீன்களின் வாசனையெல்லாம்
ஒன்றாய்க் கிளம்பி வந்தது.
கிசாபுரோ வாசல் பக்கம் போய் நின்றுகொண்டான்.
"புகை" என்றான்.
காற்றோ எதிர்ப்பக்கம் அடித்துக்கொண்டிருந்தது.

விடியும்போது உப்பு
சட்டியின் ஓரத்தில் தயங்கி, பிறகு
எல்லாப் பக்கமும் சேர்ந்தாற்போல் வந்தது.
மூங்கில் கூடையில் அள்ளிவைத்தேன்.
சாம்பலில் ஓர் ஆணி சிவப்பாய்க் கிடந்தது.
எத்தனை பிடுங்கினாலும் ஒன்று தப்பிவிடுகிறது.

முதல் ஆளாக வந்த இட்சுயேவுக்கு
உப்பு வேண்டாம்.
கூடைக்கடியில் வடிகிற கசப்புநீர் வேண்டும்,
இரண்டு பாட்டில்.
தற்காலிகக் குடியிருப்பில்
ஒற்றை அடுப்பில் தோஃபு செய்யப்போகிறாளாம்.
"மாசிக்குப் பிறகு எல்லாரும்
பிளாஸ்டிக் டப்பா தோஃபு தின்று
முகமே டப்பா மாதிரி ஆகிவிட்டது" என்றாள்.
காசை நான் வாங்கவில்லை.
அவளும் அதிகம் வற்புறுத்தவில்லை.

சாயங்காலம், துணி சுற்றிய பாத்திரம்.
இன்னும் சூடு இருந்தது.
வயல் வரப்பில் உட்கார்ந்து மூன்று பேரும்
மேலே புது உப்பைத் தூவித் தின்றோம்.
கிசாபுரோ வெகுநேரம் மென்றான்,
மெல்ல ஒன்றுமே இல்லாத அதை.
கடைசியில் சொன்னான்:
"என் உத்திரம் கொஞ்சம் கரிக்கிறது."
இட்சுயே சிரித்ததில் பாதி தோஃபு மணலில் விழுந்தது.

மறுநாள் காலை
எண்ணிக்கொண்டே போனேன்.
இருநூற்றுப் பதினொன்று.
எங்கோ ஓர் எட்டு
நீட்டிப் போட்டிருப்பேன்.